மேடு எது, பள்ளம் எது

சென்னையில் வீடு தேடுகிறவர்கள் சித்திரையில் ஒரு கேள்வி கேட்பார்கள்: "தண்ணி எப்படி?" ஐப்பசியில் தேடினால் கேள்வி மாறிவிடும்: "தண்ணி நிக்குமா?" 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு, தெருவெங்கும் குடங்கள் வரிசையில் நின்றதைப் பார்த்தவர்களின் கேள்வி முதலாவது. இரண்டாவது, 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுடையது. வீட்டுத் தரகரிடம் இரண்டுக்கும் பதில் இருக்கும். ஆனால் அந்தத் தெருவில் அவர் ஒரு மழைக்காலத்தையாவது கழித்திருப்பது அபூர்வம். கழித்தவர்களைத் தேடிப் போய் விசாரிப்பதற்குள் நாம் முன்பணம் கொடுத்து, பால் காய்ச்சி, அட்டைப் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருப்போம்.

2023 கோடையில் நாங்கள் புரசைவாக்கத்திலிருந்து வேளச்சேரிக்குக் குடிவந்தோம். புரசைவாக்கம் நான் பிறந்த இடம். கங்காதரேசுவரர் கோயிலைச் சுற்றி எந்தச் சந்து எதில் போய் முட்டும், வெள்ளாளர் தெருவில் எந்தக் கடை வாசலில் மழைக்கு ஒதுங்கலாம் என்பதையெல்லாம் எப்போது கற்றேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்ததிலேயே அந்த அறிவு வந்து சேர்ந்தது. ஐம்பதை நெருங்கும்போது வேறொரு இடத்துக்கு வருகிறவனுக்கு அப்படி எதுவும் தானாக வராது. தேடித்தான் கற்க வேண்டும். கற்காமலே காலத்தை ஓட்டிவிடவும் இப்போது வசதி இருக்கிறது.

அந்த வசதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கொத்தமல்லிக் கட்டிலிருந்து காய்ச்சல் மாத்திரை வரை கைப்பேசியில் விரல் வைத்தால் வாசலுக்கு வந்துவிடுகிறது. லிஃப்டில் இறங்கினால் நேரே கார். எங்கள் குடியிருப்பிலேயே பல வருடங்களாக இருந்தும் பின்தெருவுக்கு ஒருமுறைகூடப் போகாதவர்கள் இருக்கிறார்கள். காலை ஏழரைக்குக் கிளம்பி இரவு ஒன்பதுக்குத் திரும்புகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் தெருவைத் தெரிந்துகொள்வதை, நேரம் இருப்பவர்களின் பொழுதுபோக்கு என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. வீட்டுச் சாவியை வாங்கும்போது கூடவே ஒரு கடமையும் கைக்கு வருகிறது என்று நம்புகிறேன். அந்த நம்பிக்கையை எனக்குத் தந்தது வேளச்சேரி.

முதலில் நடந்தேன். காரில் போகும்போது வேளச்சேரி முழுக்கச் சமதரையாகத் தெரியும். நடந்தால்தான் மேடும் பள்ளமும் புலப்படும். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, எண்பதுகளில் கட்டப்பட்ட தனி வீடுகள் சில மிச்சம் இருக்கின்றன. சாலையிலிருந்து அவற்றின் வாசலுக்குப் படி இறங்கிப் போக வேண்டும். கட்டியபோது அவையும் படி ஏறிப் போகிற வீடுகளாகத்தான் இருந்தன. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டுச் சாலை உயர்ந்துவிட்டது. வீடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. பக்கத்தில் புதிதாக எழுந்த அடுக்குமாடிகள் எல்லாம் தரைத்தளத்தைத் தூண்களுக்கும் வண்டிகளுக்கும் விட்டுவிட்டு முதல் மாடியிலிருந்துதான் ஆட்களைக் குடிவைக்கின்றன. ஒரு பழைய சுற்றுச்சுவரில் என் நெஞ்சளவு உயரத்தில் மங்கிய பழுப்புக் கோடு ஒன்று நீளமாக ஓடுகிறது. வெள்ளையடித்த மற்ற சுவர்களில் அது மறைந்துவிட்டது.

அந்தக் கோட்டுக்கு எதிரில்தான் இஸ்திரி வண்டி நிற்கிறது. வண்டிக்காரரிடம் சட்டைகளைக் கொடுத்துவிட்டு, "அது என்னங்க கோடு?" என்று கேட்டேன். கரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "பதினஞ்சுல வந்த தண்ணி சார். இங்க நின்னா எனக்குக் கழுத்து வரிக்கும். ஆனா அந்த வேப்பமரம் இருக்கு பாருங்க, அதுக்கு அந்தாண்ட முட்டிதான்" என்றார். அந்த இருபதடி தூரத்தில் அவ்வளவு வித்தியாசம் இருப்பதை எந்த வரைபடமும் எனக்குக் காட்டியிருக்காது. எந்தச் சாக்கடை மூடி முதலில் பொங்கும், எந்த வாய்க்கால் தண்ணீரை இழுக்கும், எது திருப்பித் தள்ளும், மின்சாரப் பெட்டி எந்த வீட்டில் தாழ்வாக இருக்கிறது என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். தினம் பத்து மணி நேரம் ஒரே இடத்தில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிற மனிதர் அவர். நகரத்தைத் திட்டமிடுகிற கூட்டங்களுக்கு இவரைப் போன்றவர்களை யாரும் கூப்பிடுவதில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

பின்தெருவில், தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். மாலையில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். "வாங்க தம்பி, எந்த பிளாக்குக்கு வந்திருக்கீங்க?" என்று அவர்தான் முதலில் பேச்சுக் கொடுத்தார். அவர் மனை வாங்கியபோது இந்தப் பக்கம் முழுக்க நெல் வயலும் கோரைப்புல்லும். தண்டீசுவரர் கோயிலில் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவ்வளவு பழைய ஊர் இது. ஊர் பழையது, ஆனால் நாங்கள் குடியிருக்கும் நகர்கள் அப்படியல்ல. ஊருக்கு வெளியே ஏரியும் அதன் பாசனத்தில் வயலுமாக இருந்த நிலத்தில் வந்தவை. 265 ஏக்கர் இருந்த வேளச்சேரி ஏரியில் இன்று மிஞ்சியிருப்பது ஏறக்குறைய 55 ஏக்கர். ஒரு பகுதியில் அரசே வீட்டுமனை போட்டது, ஒரு பகுதியில் சாலை போனது, மீதியில் ஆட்கள் குடியேறினார்கள். "நாம ஏரிக்குள்ள இருக்கோம்னு ஏரிக்குத் தெரியும் தம்பி. நமக்குத்தான் மறந்துபோச்சு" என்றார் பெரியவர். அதில் கசப்பு எதுவும் இல்லை. வீட்டு வரி ரசீதைப் பற்றிப் பேசுகிற அதே குரலில்தான் சொன்னார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் தண்ணீர் போகும் வழியிலேயே நடக்கத் தொடங்கினேன். ஆதம்பாக்கம் ஏரியில் நிறைந்த தண்ணீரைச் சுமந்துகொண்டு வீராங்கல் ஓடை புழுதிவாக்கத்தையும் வேளச்சேரியையும் தாண்டிப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குப் போகிறது. கீழ்க்கட்டளை ஏரியின் உபரிநீர் நாராயணபுரம் ஏரிக்கு வந்து, அங்கிருந்து அதே சதுப்புநிலத்தில் சேர்கிறது. தென்சென்னையில் இப்படி முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் தண்ணீர் பள்ளிக்கரணையில் வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயை அடைந்து, முட்டுக்காட்டில் கடலைச் சேர வேண்டும். அறுபதுகளில் 5,500 ஹெக்டேர் அளவில் பரந்து கிடந்ததாகச் சொல்லப்படும் அந்தச் சதுப்பில் இன்று 700 ஹெக்டேர்கூடத் தேறாது என்கிறார்கள் அதை ஆராய்ந்தவர்கள். 2022இல் அது சதுப்புநிலங்களுக்கான சர்வதேச ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. தாம்பரம் சாலையோரம் நின்று பார்த்தால் ஒரு பக்கம் கூழைக்கடாக்களும் நீலத் தாழைக்கோழிகளும் தெரியும்; பருவம் வாய்த்தால் தூரத்தில் பூநாரைகளும் தெரியும். அவற்றுக்கும் அப்பால் பெருங்குடிக் குப்பை மேடு. நான் காலையில் வாசலில் ஊற்றிக் கழுவிவிட்ட வாளித் தண்ணீர் எந்தப் பறவையின் காலடிக்குப் போய்ச் சேரும் என்று அங்கே நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. என் வீட்டு முகவரியில் இந்தச் சதுப்பும் சேர்த்தி.

நிலத்தைத் தெரிந்துகொள்வது இப்படி எளிதாக வாய்த்தது. மனிதர்களைத் தெரிந்துகொள்வதில் ஒரு சங்கடம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் போனால் நான் பாதிதான் சொன்னவனாவேன். புதிதாக வந்தவரிடம் நம் ஆட்கள் கேட்கும் கேள்விகள் எல்லோருக்கும் தெரியும். சொந்த வீடா, வாடகையா? சொந்த ஊர் எது? ஊரில் எந்தப் பக்கம், எந்தத் தெரு? கடைசிக் கேள்வி சாதிக்குப் போகிற குறுக்குவழி. அசைவம் சமைப்பார்கள் என்பதற்காகவும், முஸ்லிம் என்பதற்காகவும், தனியாக இருக்கும் பெண் என்பதற்காகவும் வீடு மறுக்கப்பட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் போய் "அக்கம்பக்கத்தாரோடு பழகுங்கள்" என்று சொன்னால் அது அவர்கள் காதில் மிரட்டலாகத்தான் விழும். கிராமத்திலிருந்து நகரத்துக்கு வந்த பலருக்கு, யாருக்கும் தன்னைத் தெரியாது என்பதே முதல் விடுதலையாக இருந்தது. அந்த விடுதலையைப் பறிக்கிற எந்த அக்கம்பக்கமும் எனக்கு வேண்டாம்.

அப்படியானால் எந்த அளவுக்குத் தெரிந்துகொள்வது? 1961இல் வெளிவந்த ஜேன் ஜேக்கப்ஸின் புத்தகத்தில் இதற்கு ஒரு விடை கிடைத்தது. அமெரிக்கப் பெருநகரங்களின் வாழ்வும் சாவும் பற்றிய புத்தகம் அது. நியூயார்க்கில் தான் குடியிருந்த ஹட்சன் தெருவைப் பார்த்துப் பார்த்து எழுதியவர் அவர். அந்தத் தெருவாசிகள், வெளியூரிலிருந்து வரும் நண்பருக்குக் கொடுப்பதற்காக வீட்டுச் சாவியைத் தெருவில் உள்ள கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டுப் போவார்களாம். கடைக்காரர் சாவியைப் பத்திரமாக வைத்திருப்பார். வருகிறவர் யார், ஏன் வருகிறார் என்று விசாரிக்க மாட்டார். ஒருவரை நம்புவதற்கு அவருடைய வீட்டு விஷயம் நமக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நம் வீட்டு விஷயத்தை அவருக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை. எங்கள் இஸ்திரிக்காரரின் வண்டிக்குக் கீழே ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கிறது. அதில் நாலைந்து வீட்டுச் சாவிகள் எப்போதும் கிடக்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் அவரிடம் வாங்கிக்கொண்டு போகும். அந்த வீட்டுக்காரர்கள் எந்த ஊர், எந்தச் சாதி என்று அவருக்குத் தெரியுமோ என்னவோ, நான் கேட்டதில்லை. எந்தப் பிள்ளை எத்தனை மணிக்கு வரும் என்பது அவருக்குத் தெரியும். நான் விரும்புகிற அறிமுகம் இந்த அளவிலானது.

2023 டிசம்பர் 3ஆம் தேதி இரவு தொடங்கி மறுநாள் முழுவதும் மிக்ஜாம் புயல் கொட்டித் தீர்த்தது. முந்தின நாளே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களைக் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். 2015இல் பட்ட அடி கற்றுக்கொடுத்த பாடம் அது. வெளியூர்க்காரர்களுக்கு விசித்திரமாகத் தெரியும், இங்கே இருப்பவர்களுக்கு அதில் விசித்திரம் ஒன்றும் இல்லை. திங்கள் காலையில் மின்சாரம் போயிற்று. மதியத்துக்குள் கைப்பேசிகளும் அடங்கின. பத்து நிமிடத்தில் கொத்தமல்லி கொண்டுவந்தவர்கள் வரவில்லை. அந்த வெள்ளத்தில் அந்தப் பையன்களை வரச் சொல்ல யாருக்கும் உரிமையும் இல்லை. ஐந்து பர்லாங் சாலை அருகே கட்டுமானப் பள்ளம் ஒன்றில் இருவர் சிக்கி இறந்தார்கள். உடல்களை மீட்கப் பல நாட்கள் ஆயின. நான் காலையில் நடக்கப் போகும்போது கடந்து சென்ற சாலை அது. தினமும் கண்ணில் பட்டும் நின்று பார்க்காமல் போகிற வேலையிடங்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கின்றன என்பது அன்றிலிருந்து என்னை விட்டுப் போகவில்லை.

தெருவில் தண்ணீர் ஏறத் தொடங்கியதும் பெரியவரின் நினைவுதான் வந்தது. அவருடையது படி இறங்கிப் போகிற வீடு. மனைவிக்கு நடக்க முடியாது. நான் கீழே இறங்கும்போது இஸ்திரிக்காரரும் எதிர்வீட்டுக் கல்லூரி மாணவர்கள் இருவரும் ஏற்கெனவே அங்கே போய்க்கொண்டிருந்தார்கள். நாங்கள் யாரும் ஒருவரையொருவர் அழைக்கவில்லை. அந்த வீடு பள்ளத்தில் இருக்கிறது என்பதும், அதில் நடக்க முடியாத ஒருவர் இருக்கிறார் என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். அந்த அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு, வேப்பமரத்துக்கு அந்தப் பக்கமாகவே சுற்றி வந்து, எங்கள் குடியிருப்பின் முதல் மாடியில் சேர்த்தோம். அந்த வீட்டுக்காரர்கள் அதுவரை அந்த அம்மாவைப் பார்த்ததுகூட இல்லை. கட்டிலை ஒழித்துக் கொடுத்துவிட்டுத் தாங்கள் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள். மின்சாரம் வர நாட்கள் ஆயின. அந்த நாட்களில் எந்த வீட்டில் எரிவாயு இருக்கிறது, யாருக்கு இன்சுலின் குளிரில் வைக்க வேண்டும், எந்தக் குழந்தைக்குப் பால் இல்லை என்பதெல்லாம் மாடிப்படியிலேயே பேசித் தீர்ந்தது. பெரிய வீரம் எதுவும் இதில் இல்லை. பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் இரண்டு முதியவர்கள் இரவு முழுவதும் கட்டில்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது மறுநாள்தான் தெரியவந்தது. அங்கே யாருக்கும் அவர்களைத் தெரியாது.

எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் பெண் பெரும்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறார். அடையாற்றுக் கரையில் பிறந்து வளர்ந்தவர். 2015 வெள்ளத்துக்குப் பிறகு கரையோரக் குடும்பங்களை அப்புறப்படுத்தியபோது அவருக்குப் பெரும்பாக்கம் அடுக்குமாடியில் வீடு ஒதுக்கினார்கள். வெள்ளம் வராத இடம் என்று கொண்டுபோன இடமும் சதுப்பை ஒட்டிய தாழ்நிலம். நான் என் புதுத் தெருவை நடந்து நடந்து கண்டுபிடித்த கதையை என் மனைவி அவரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் என்னிடம், "உங்களுக்குப் புடிச்சு வந்தீங்க சார். எங்களை லாரில ஏத்தி எறக்குனாங்க. மொத ஒரு மாசம் எந்த பில்டிங் எங்களுதுன்னே தெரியாது, எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். எம் புள்ள வழி தெரியாம அழுதுனு நின்னான்" என்றார்.

பழைய தெருவில் பத்துப் பதினைந்து வீட்டுப் பெண்கள் சேர்ந்து சீட்டுக் கட்டினார்கள். ஒருத்திக்குப் பிரசவ வலி வந்தால் மற்றவள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வாள். குடும்பங்களைக் குலுக்கல் முறையில் வெவ்வேறு கட்டடங்களுக்குப் பிரித்துப் போட்டபோது அந்தக் கட்டு அவிழ்ந்துபோயிற்று. வேலைக்குப் போகிற தூரம் கூடியது. அவர் முதலில் செய்த காரியம், பழைய தெருப் பெண்கள் யார் யார் எந்த பிளாக்கில் இருக்கிறார்கள் என்று ஒவ்வொரு மாடியாக ஏறித் தேடியது. விடியற்காலை பஸ்ஸுக்கு ஒன்றாகப் போய் நிற்பது என்று ஏற்பாடு செய்துகொண்டார்கள். சீட்டை மறுபடி ஆரம்பிக்கக் காலம் பிடித்தது. வீடு மாறுவதைப் பற்றி நான் யோசித்துவைத்திருந்ததெல்லாம் விரும்பி மாறியவனின் யோசனை என்பது அவர் பேசப் பேச உறைத்தது. ஒரு மனிதருக்குக் கான்கிரீட் கூரையைக் கொடுத்துவிட்டு அவருக்குத் தெரிந்த தெருவை எடுத்துக்கொண்டால், கொடுத்தது பெரிதா எடுத்தது பெரிதா என்று கணக்குப் பார்க்கிறவர்கள் அவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். மறுகுடியமர்வு என்று ஒன்று நடக்கத்தான் வேண்டும் என்றால், ஒரு தெருவை ஒரு தெருவாகவே கொண்டுபோய்க் குடியமர்த்த முடியாதா? பக்கத்து வீட்டுக்காரரைப் பக்கத்து வீட்டிலேயே வைப்பதற்குக் கூடுதலாக ஒரு செங்கல்கூட வேண்டியதில்லை.

இந்த வருடம் புரட்டாசி பிறப்பதற்குள் எங்கள் தெரு மழைநீர் வடிகாலைத் தூர்வார வேண்டும் என்று ஒரு மனு தயாராகிறது. வடிகால் ஓடையில் சேரும் இடத்தில் பழைய கான்கிரீட் பலகை ஒன்று சரிந்து பாதி வாயை அடைத்திருக்கிறது. மேலே சாலை போட்டுவிட்டதால் வெளியே தெரியாது. அது எங்கே இருக்கிறது என்று இஸ்திரிக்காரருக்குத் தெரியும். அந்தப் பலகையைப் போட்ட காலத்திலேயே அவர் அங்கே நின்றிருந்தார். பெரியவர் மனுவை எழுதுகிறார். அவர் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். முதல் மாடி வீட்டுக்காரர்கள் கையெழுத்து வாங்க வீடுவீடாகப் போகிறார்கள். வரும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வார்டு அலுவலகத்துக்குப் போவதாக ஏற்பாடு. இஸ்திரிக்காரருக்கு அரை நாள் பிழைப்புப் போகும் என்பதால், அன்றைக்கு வரும் துணிகளை முன்தினமே கொடுத்துவிடும்படி எல்லா வீட்டுக்கும் சொல்லியாகிவிட்டது.